இடுப்புத்துணி, தொப்பி, முகமூடி: காட்டில் மூன்று நாயகர்கள்

1934 ஜனவரியில், நாளிதழ்களுக்குப் படக்கதைகளை விற்கும் அமெரிக்க நிறுவனமான கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் ஒரே மாதத்தில் மூன்று படக்கதைத் தொடர்களை இறக்கியது. மூன்றுமே போட்டிக்கு இறக்கியவை. விண்வெளியில் பக் ராஜர்ஸ் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தான். அவனுக்கு எதிராக ஃப்ளாஷ் கார்டன். துப்பறியும் பக்கம் டிக் டிரேசி. அவனுக்கு எதிராக சீக்ரெட் ஏஜெண்ட் எக்ஸ்-9, நம் ஊர் வாசகர்களுக்குப் பிற்காலத்தில் காரிகன் என்று அறிமுகமானவர். காட்டுக்குள் டார்சான், அவனுக்கு எதிராக ஜங்கிள் ஜிம். இந்த மூன்றையும் வரைந்தது ஒரே ஆள். பெயர் அலெக்ஸ் ரேமண்ட், வயது 24. பன்னிரண்டு வருஷம் கழித்துத் துப்பறிவாளர் ரிப் கிர்பியை உருவாக்கியவரும் இவர்தான்.

அதே சிண்டிகேட் 1936 பிப்ரவரி 17 அன்று காட்டுக்குள் இன்னொருவரை அனுப்பியது. இவர் முகமூடி போட்டவர். எழுதியவர் லீ ஃபாக், அவருக்கும் அப்போது 24 வயதுதான். ஏற்கெனவே 1934 முதல் மந்திரவாதி மாண்ட்ரேக்கை எழுதிக்கொண்டிருந்தவர். வரைந்தவர் ரே மூர், மாண்ட்ரேக் ஓவியர் ஃபில் டேவிஸுக்கு உதவியாளராக இருந்தவர். தொடரின் பெயர் 'தி ஃபாண்டம்'. தமிழில் இவருக்கு இரண்டு பெயர். ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு முகமூடி வீரர் மாயாவி, மற்றவர்களுக்கு வேதாளர். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள், பிரிட்டிஷ்காரர். அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே வேதாளர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆக, ஒரே காலத்தில் நாளிதழ் வாசகர் முன்னால் மூன்று காட்டு நாயகர்கள். இடுப்புத்துணி கட்டிய டார்சான், வெயில்தொப்பி வைத்த ஜிம், முகமூடி போட்ட வேதாளர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது தேறும்? 1940-களின் நடுப்பகுதி வரை வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு மூன்றிலும் கை மாறிவிட்டது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் பார்க்க டார்சான். பக்கத்தின் அழகுக்கு ஜிம். கதை படிக்க வேதாளர். ஓவியத் திறமையில் மூவரிலும் பின்தங்கியது வேதாளர் தொடர்தான். ஆனால் இன்றைக்கும் ஆரம்பக் கதை ஒன்றை எடுத்தால் கீழே வைக்க முடியாமல் படிக்க வைப்பதும் அதுதான். இது எப்படி என்பதுதான் எனக்குப் பல நாள் கேள்வி.

டார்சான் மூத்தவன் என்பதால் அவனிடமிருந்து தொடங்கலாம். எட்கர் ரைஸ் பரோஸின் கதை 1912-ல் பத்திரிகையில் வந்தது. நாளிதழ்த் தொடராக 1929 ஜனவரி 7 அன்று ஆரம்பித்தது. பக் ராஜர்ஸும் அன்றுதான் தொடங்கினான். ஜங்கிள் ஜிம்மின் முதல் பக்கமும் ஐந்து வருஷம் கழித்து இதே ஜனவரி 7-ல்தான். டார்சானை முதலில் வரைந்தவர் ஹால் ஃபாஸ்டர், கனடாவில் பிறந்து சிகாகோவில் விளம்பர ஓவியராக இருந்தவர். முதல் நாவலை அப்படியே பத்து வாரத்துக்குப் பிரித்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து படம், மொத்தம் 300 படம். படத்துக்குள் வசனக் குமிழ் கிடையாது. கதை முழுவதும் படத்துக்குக் கீழே அச்செழுத்தில். உண்மையில் அது சுருக்கப்பட்ட நாவல். ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஒரு சித்திரம் வைத்தது போல.

அது முடிந்ததும் ஃபாஸ்டர் விளம்பர வேலைக்கே திரும்பிவிட்டார். காமிக்ஸ் வரைவதை அவர் அப்போது பெரிதாக மதிக்கவில்லை. தினசரித் தொடர் ரெக்ஸ் மேக்ஸன் கைக்குப் போனது. மேக்ஸனின் படங்களைப் பற்றிப் பரோஸே குறைபட்டுக்கொண்டிருந்தார் என்றால் மேற்கொண்டு நான் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பொருளாதார மந்தம் வந்து விளம்பர வேலைகள் வற்றியபோது, 1931 செப்டம்பரில், ஞாயிறு வண்ணப் பக்கத்துக்கு ஃபாஸ்டர் திரும்பி வந்தார். டார்சான் தொடரின் உண்மையான வாழ்வு அங்கேதான் தொடங்குகிறது.

ஃபாஸ்டரின் ஞாயிறு பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது இடம். காற்று ஓடும் வெளி என்று சொல்ல வேண்டும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் தூரம் இருக்கிறது. யானை வந்தால் அதன் கனம் தெரிகிறது. தொலைந்துபோன எகிப்திய நகரம் ஒன்றை வைத்து அவர் வரைந்த நீண்ட கதையில் தூண்களும் படிக்கட்டுகளும் கூட்டமும், செய்தித்தாள் காகிதத்தில் அச்சானது என்று நம்ப முடியாத அளவுக்கு நிதானமாக நிற்கின்றன. 1937-ல் தன் சொந்தத் தொடரான பிரின்ஸ் வேலியண்ட் தொடங்கியதும் அவர் டார்சானை விட்டார். அடுத்து வந்த பர்ன் ஹோகார்த் நேர் எதிர். அவர் படத்தில் எதுவும் சும்மா நிற்பதில்லை. வேர் முறுக்குகிறது, கொடி சுற்றுகிறது, தசை புடைக்கிறது. டார்சான் தரையில் நிற்கும்போதுகூட அடுத்த நொடி பாயப் போகிறான் என்று தோன்றும். சில சமயம் அதுவே அலுப்பு. உட்கார்ந்து கஞ்சி குடித்தால்கூட இவன் தசை இப்படித்தான் புடைத்திருக்குமோ என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் ஓவியம் கற்றுக்கொள்கிற யாரும் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக முடியாது.

சரி, கதை? அங்கேதான் தொய்வு. குமிழ் இல்லாததால் டார்சான் நம்மிடம் பேசுவதில்லை. யாரோ அவனைப் பற்றிச் சொல்ல நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தொலைந்த நகரம், அழகான ராணி, பொறாமை பிடித்த பூசாரி, சிங்கத்தோடு சண்டை, விடைபெறல். அடுத்த வருஷம் வேறு தொலைந்த நகரம். ஆப்பிரிக்காவில் இத்தனை நகரங்கள் தொலைந்துபோயிருந்தால் ஊருக்கு வெளியே நடக்கப் போகிறவன் கால் தடுக்கி விழுந்திருப்பான்.

ஜங்கிள் ஜிம்முக்கு ஆரம்பத்திலேயே ஒரு கஷ்டம்: அவனுக்குச் சொந்த வீடு கிடையாது. அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவன். ஃப்ளாஷ் கார்டன் பக்கத்தின் மேல்பகுதியில் ஒட்டுக்குடித்தனம். அந்தக் காலத்தில் பெரிய தொடர் ஒன்றின் தலைமேல் சின்னத் தொடர் ஒன்றைச் சேர்த்து ஒரே பக்கமாக விற்பது வழக்கம். கீழே ஃப்ளாஷ் வேற்றுக்கிரகத்தில் பறவை மனிதர்களோடு மோதிக்கொண்டிருக்க, மேலே ஜிம் மலாயாக் காட்டில் புலி பிடித்துக்கொண்டிருந்தான். ரேமண்டின் மனம் எங்கே இருந்தது என்பதைப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

முழுப் பெயர் ஜிம் பிராட்லி. தொழில் வேட்டையும் விலங்கு பிடிப்பதும். கூட இருப்பவன் கோலு. களம் தென்கிழக்கு ஆசியா. எழுதியவர் டான் மூர். பெயரை ரேமண்ட் தன் தம்பி ஜிம்மிடமிருந்து எடுத்தார். மூன்று தொடர்களிலும் நம்பும்படியான ஆள் இவன்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இவனைக் குரங்கு வளர்க்கவில்லை, இவன் சபதம் எடுக்கவுமில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். கடற்கொள்ளைக்காரன், ஆயுதக் கடத்தல்காரன், அடிமை வியாபாரி என்று எதிரிகளும் தரையில் கால் பாவியவர்கள். ஷாங்காய் லில் என்று ஒரு பெண் வருகிறாள். நல்லவளா கெட்டவளா என்று சிறிது காலம் தெரியாமலே வைத்திருந்து, பிறகு ஜிம்முக்குத் துணையாக்கினார்கள். மழை, சதுப்பு, மூங்கில் கழிகள் தாங்கிய குடிசை இதையெல்லாம் ரேமண்ட் தூரிகையால் இழுத்துவிடும் லாவகத்தைப் பார்த்தால், ஒட்டுக்குடித்தனத்துக்கே இவ்வளவா என்று தோன்றும்.

ஆனால் வாரம் ஒரு முறை, அதுவும் சில கட்டங்கள்தான். கதை மூச்சு வாங்குவதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. பிற்பாடு ரேமண்டும் வசனக் குமிழை எடுத்துவிட்டு அச்செழுத்து விவரிப்புக்குப் போய்விட்டார். பக்கம் இன்னும் அழகானது. ஜிம் இன்னும் தூரமானான். போர் வந்ததும் அவன் ஜப்பானியருக்கு எதிராகக் கிளம்பினான். ரேமண்டோ 1944-ல் நிஜமாகவே கடற்படைக் காலாட்படையில் சேரப் போய்விட்டார். பிறகு வேறு கைகள் வரைய, 1954-ல் தொடர் நின்றது.

இனி முகமூடிக்காரர்.

மூவரும் கதைக்குள் நுழையும் விதத்தைப் பாருங்கள். டார்சான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொடங்குகிறது: அப்பா அம்மா கப்பலில் வருகிறார்கள், கரையில் விடப்படுகிறார்கள், குழந்தை பிறக்கிறது. ஜிம் முதல் படத்திலேயே வேலையில் இருக்கிறான். வேதாளரோ முதல் நாள் வரவே இல்லை. வருவது நாயகி டயானா பால்மர். அவள் கப்பலில் அம்பர்கிரிஸ் இருக்கிறது. நம் ஊரில் அம்பர் என்றும் மீன்அம்பர் என்றும் சொல்கிற, திமிங்கலத்தின் குடலில் உண்டாகும், வாசனைத் தைலக்காரர்கள் கொட்டிக்கொடுத்து வாங்கும் அதே பொருள்தான். அதற்காகச் சிங் சகோதரர்கள் என்ற கடற்கொள்ளைக் கூட்டம் மோப்பம் பிடித்து வருகிறது. முகமூடி மனிதர் குறுக்கே வருவது அதற்குப் பிறகு. யார் அவர், எங்கிருந்து வந்தார், ஒன்றும் சொல்லப்படுவதில்லை. பூர்வகதை தெரியவருவது கதை நன்றாக ஓடிய பிறகுதான்.

இந்தத் தாமதத்துக்கு வேடிக்கையான காரணம் ஒன்று உண்டு. எழுதத் தொடங்கும்போது வேதாளர் யார் என்பதில் ஃபாக்கின் எண்ணமே வேறு. டயானாவின் நண்பர் வட்டத்தில் ஜிம்மி வெல்ஸ் என்று ஒரு பணக்கார இளைஞன் வருகிறான். வேலைவெட்டி இல்லாத, பொழுதுபோக்குப் பேர்வழி. பகலில் சோம்பேறி, இரவில் முகமூடி என்று அவனைத்தான் கடைசியில் காட்டுவதாகத் திட்டம். அதாவது, முகமூடி ஒளிந்துகொள்வதற்காக. ஆனால் கதை நடந்துகொண்டிருக்கும்போதே ஃபாக்குக்கு இதைவிட நல்ல யோசனை வந்துவிட்டது. கதை கடலுக்கும் காட்டுக்கும் போனது. ஜிம்மி வெல்ஸ் அந்தரத்தில் விடப்பட்டான். முதல் கதையை இன்று படிக்கும்போது அவன் எதற்காக அத்தனை கட்டங்களில் வந்து போகிறான் என்று புரியாமல் விழிப்போம், காரணம் இதுதான். புத்தகமாக எழுதியிருந்தால் திருத்தியிருப்பார். நாளிதழில் நேற்றைய பட்டை, அதாவது அன்றைய கட்டங்களின் வரிசை, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, பிடித்து இழுக்க முடியாது.

அந்த நல்ல யோசனை இது. பதினாறாம் நூற்றாண்டில், 1536 என்று பிற்பாடு நிலைத்தது, ஒரு கப்பலைக் கொள்ளையர்கள் தாக்குகிறார்கள். கப்பல் தலைவர் கொல்லப்படுகிறார். அவர் மகன் மட்டும் ஒரு கரையில் ஒதுங்குகிறான். அங்கே ஒதுங்கிய ஒரு கொள்ளையனின் பிணத்தில் தன் அப்பாவின் உடையைப் பார்க்கிறான். அந்தக் கொலைகாரனின் மண்டை ஓட்டின் மேல் சபதம்: கடற்கொள்ளையையும் பேராசையையும் கொடுமையையும் அநியாயத்தையும் ஒழிப்பேன், என் மகன்களும் அவர்கள் மகன்களும் இதைத் தொடர்வார்கள். அவன் இறந்ததும் மகன் அதே உடையைப் போட்டுக்கொள்கிறான், பிறகு பேரன். காட்டில் உள்ளவர்களுக்கு இது ஒரே ஆள்; நானூறு வருஷமாகச் சாகாத ஆள். நாம் படிப்பது இருபத்தொன்றாவது வேதாளரின் கதை.

இதனால் முகமூடியின் வேலையே மாறிவிட்டது. ஒரு முகத்தை மறைப்பதற்குப் பதிலாக, இருபத்தொரு முகங்களை ஒன்றாகக் காட்டுவதற்கு அது பயன்படுகிறது. டார்சான் முகத்தை மூடினால் டார்சான் இல்லை. ஜிம் தொப்பியைக் கழற்றினால் வேறு வேலைக்குப் போகலாம். வேதாளர் என்பது மட்டும் ஆள் இல்லை, ஒரு நாற்காலி. தமிழில் நாம் டார்சானை 'அவன்' என்கிறோம், ஜிம்மையும் 'அவன்' என்கிறோம். வேதாளருக்கு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு 'ர்' வந்து ஒட்டிக்கொண்டது. கலெக்டர், தாசில்தார் மாதிரி. பதவிக்குக் கிடைக்கும் மரியாதை. இந்தக் கட்டுரையிலும் என் கை அப்படித்தான் எழுதிக்கொண்டு வருகிறது.

வம்சம் என்றால் டார்சானும் கிரேஸ்டோக் பிரபுவின் வாரிசுதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் அங்கே ரத்தம் எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிறது. காட்டில் வளர்ந்தாலும் பிரபுவின் மகன் பிரபுவாகத்தான் இருப்பான் என்பது அந்தக் கதையின் உள்நம்பிக்கை; எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. வேதாளர் வீட்டில் மகன் ஒவ்வொருவனும் சபதத்தைப் புதிதாக எடுக்க வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும், முன்னோர் எழுதிவைத்த குறிப்பேடுகளைப் படிக்க வேண்டும், தன் குறிப்பைத் தானும் எழுதிவைக்க வேண்டும். கடைசியில் அதே குகையில் புதைக்கப்பட வேண்டும்.

தினசரிப் பட்டைக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பது மூன்றையும் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. தினசரி என்பது வாரம் ஆறு நாள், நாளைக்கு மூன்று நான்கு கட்டங்கள், கறுப்பு வெள்ளை. முதல் கட்டத்தில் நேற்று விட்ட இடத்தைத் தொட்டுக்காட்ட வேண்டும், கடைசிக் கட்டத்தில் நாளைக்கு ஆளை இழுக்க வேண்டும். திங்கட்கிழமை புதிதாக வாங்கியவருக்கும் புரிய வேண்டும். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறுகிற கதைதான், தினம் தினம். முதல் கதை 1936 நவம்பர் தொடக்கம்வரை, ஏறக்குறைய 38 வாரம் ஓடியது. கிட்டத்தட்ட 228 பட்டைகள். இத்தனை முறை மரம் ஏறி இறங்க வேண்டுமென்றால் நாயகனைப் பற்றி ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். 'சாகாதவன், ஆனால் மனிதன்' என்பது அப்படி ஒரு வரி. புதிதாக எதிரே வரும் ஒவ்வொரு வில்லனும் அந்தப் புரளியைக் கேட்டுச் சிரிப்பான். நமக்கு உண்மை தெரியும். அவன் சிரிப்பு எப்போது உறையும் என்று பார்க்க நாளைக்கும் வாங்குவோம். டார்சானிடம் இந்தக் கூட்டுக்களவாணித்தனம் இல்லை, ஜிம்மிடம் சுத்தமாக இல்லை.

ரே மூரின் கோட்டுக்கும் கறுப்பு வெள்ளை ஒத்துப்போனது. ஃபாஸ்டரோடு ஒப்பிட்டால் அவர் உடற்கூறு தடுமாறும். விலங்குகள் சில இடத்தில் அட்டையில் வெட்டி வைத்தது போல இருக்கும். பின்புலம் பல நாள் வெறும் நிழல்தான். ஆனால் நிழல் அவருக்கு வசப்பட்டிருந்தது. ஒரு கதவு, ஒரு விளக்கு, பாதி இருட்டில் அந்த உருவம். கண்மணி தெரியாத வெள்ளைக் கண். பழைய கிரேக்கச் சிலைகளில் கண்மணி இல்லாததைப் பார்த்து ஃபாக் எடுத்த யோசனை அது. பின்னாளில் பல முகமூடி நாயகர்களுக்கும் அந்தக் கண் ஒட்டிக்கொண்டது. உடம்போடு ஒட்டிய உடையும் அப்படித்தான். சூப்பர்மேன் வந்தது 1938-ல், பேட்மேன் 1939-ல்; வேதாளர் இருவருக்கும் மூத்தவர்.

ஃபாக் மனதில் இருந்த நிறம் சாம்பல். சாம்பல் நிற ஆவி என்றே பெயர் வைக்கலாமா என்றுகூட யோசித்திருந்தார். 1939 மே 28 அன்று ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது உடை ஊதாவாக அச்சாகி வந்தது. பச்சைக் காட்டுக்குள் ஊதா உடையில் ஒருவர் பதுங்குவதை நினைத்துப் பாருங்கள். ஸ்காண்டினேவியாவில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு என்று நாட்டுக்கொரு நிறம். எது எப்படியோ, ஞாயிறு வேதாளர் எனக்கு எப்போதும் தினசரி வேதாளருக்கு ஒரு படி கீழேதான். வண்ணம் வந்ததும் இருட்டு போய்விடுகிறது. டார்சானுக்கு நேர் மாறாக நடந்தது: அவன் தினசரியில் சோர்ந்து, ஞாயிறில் உயிர்பெற்றான்.

பெண்கள் விஷயத்திலும் வேதாளர் தொடருக்குத்தான் என் ஓட்டு. டயானா காப்பாற்றப்படக் காத்திருக்கும் பொம்மை இல்லை. இரண்டாவது கதையில் வருவது முழுக்க முழுக்கப் பெண்களே நடத்தும் வான்கொள்ளைக் கூட்டம். தலைவி பேரனஸ், அவளுக்கு அடுத்த இடத்தில் சாலா, இருவருக்கும் முகமூடிக்காரர் மேல் ஒரு கண். பாதிச் சண்டை விமானத்தில், பாதிச் சண்டை மனதில். 1936-ல் தினசரிப் பட்டையில் இவ்வளவு குறும்பு இருந்ததை எதிர்பார்க்கவில்லை. டயானா பாவம், கல்யாணத்துக்கு 1977 வரை காத்திருந்தாள். நாற்பத்தொரு வருஷம். நம் மெகா சீரியல்கள் இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

இனி கசப்பான பக்கம். மூன்றும் வெள்ளைக்காரன் காட்டை ஆளும் கதைகள்தான். ஃபாஸ்டரின் கை எவ்வளவு நேர்த்தியோ, ஆப்பிரிக்கரை வரையும்போது அது அவ்வளவு கூசவைக்கும். கோலு துணிச்சல்காரன், ஆனாலும் முதல் வருஷங்களில் வேலையாள் இடத்தைத் தாண்டவில்லை. வேதாளர் மட்டும் என்ன? காட்டில் வாழும் குள்ள இனத்தவரான பந்தர் பிக்மிகளைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரு குடும்பம் நானூறு வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. காட்டு ஜனங்கள் ஒருவர்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டார்களா? சிறுவயதில் உறுத்தாதது இப்போது உறுத்துகிறது.

இந்திய வாசகருக்குக் கூடுதலாக ஒரு வேடிக்கை. ஃபாக் எழுதத் தொடங்கியபோது கிழக்கே வந்ததே கிடையாது. கிப்ளிங்கையும் டார்சானையும் புராணங்களையும் படித்து, கலந்து கட்டினார். அதனால் வங்கத்தை நினைவூட்டும் பெயருள்ள ஒரு நாடு, அதில் புலி, கூடவே பிக்மிகள், அவர்களுக்குப் பெயர் பந்தர். இந்தியில் அது குரங்கு. கடற்கொள்ளையருக்கு சிங் என்று பெயர், தலைவன் கபாய் சிங். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-ல் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது நாடு டெங்காலி ஆனது, சிங் கூட்டம் சிங்கா ஆனது. வேறு வழியில்லை.

ஆனால் அந்த அரைகுறைப் பூகோளமே பிற்பாடு தொடரைக் காப்பாற்றியது. ஜிம்மின் மலாயா நிஜமான இடம். காலனி ஆட்சி ஆடத் தொடங்கியதும், வெள்ளைக்கார விலங்கு வேட்டைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வி வந்துவிட்டது. வேதாளரின் நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. அதனால் 1960-களில் அதைச் சத்தமில்லாமல் ஆப்பிரிக்காவுக்கு நகர்த்தி, சுதந்திரம் கொடுத்து, லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவரைத் தேர்தலில் ஜெயித்த அதிபராகவும் ஆக்க முடிந்தது.  பழைய பாவம் கழுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த அளவுக்காவது வளைந்தது இந்த ஒரு தொடர்தான்.

எழுதியவர் ஒருவரே என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டார்சான் பரோஸின் பிள்ளை. நாளிதழில் வளர்த்தவர்கள் சித்தப்பாக்கள். வேதாளருக்கு ஓவியர்கள் மாறினார்கள்: மூர் 1942-ல் ராணுவ விமானப் படைக்குப் போனதும் அவர் உதவியாளர் வில்சன் மெக்காய், 1961-க்குப் பிறகு சை பாரி. நம் ஊர்ப் பழைய இதழ்களில் அதிகம் பார்த்த வேதாளர் இந்த இருவருடையவர்தான். ஆனால் கதை 1999-ல் சாகும்வரை ஃபாக்கின் கையிலேயே இருந்தது. 63 வருஷம். தொடர் இன்றும் நாளிதழ்களில் வருகிறது.

இப்போது எதை எடுத்துப் படிக்கலாம்? ஆங்கிலத்தில் மூன்றுக்கும் நல்ல மறுபதிப்புகள் இருக்கின்றன. வேதாளர் என்றால் ஹெர்மிஸ் பிரஸ் தினசரிகளை வரிசையாகத் தொகுத்திருக்கிறது. முதல் தொகுதியை வாங்கிவிட்டு, நேராக இரண்டாவது கதைக்குப் போங்கள். வான்கொள்ளைப் பெண்களைப் படித்துவிட்டுப் பிறகு சிங் கூட்டத்துக்குத் திரும்பலாம். முதல் கதையில் ஜிம்மி வெல்ஸ் தரும் தடுமாற்றம் அப்போது ரசிக்கத்தக்கதாகிவிடும். டார்சானைத் தயவுசெய்து மொபைலில் பார்க்காதீர்கள். ஃபாஸ்டரின் ஞாயிறு பக்கங்களை டார்க் ஹார்ஸ் செய்தித்தாள் அளவிலேயே போட்டிருக்கிறது, விலை கடிக்கும், நூலகத்தில் கிடைத்தால் பாக்கியம். ஜிம்மைப் பொறுத்தவரை ஐ.டி.டபிள்யூ. பதிப்பகத்தின் ஃப்ளாஷ் கார்டன் தொகுதிகளை வாங்கினால் போதும். இத்தனை வருஷம் கழித்தும் அவன் அந்தப் பக்கத்தின் மேல்பகுதியில்தான் குடியிருக்கிறான்.